ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம்

கேள்வி: "அண்ணாச்சி, எனக்கு வயது 41. திருநெல்வேலி பெருமாள்புரத்தில் வீடு, ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கணக்கு வேலை. காலையில் உட்கார்ந்தால் ராத்திரி வரை நாற்காலிதான். வீட்டுக்கு வர ஒன்பது ஆகிவிடும். அப்பாவுக்குச் சீனி வியாதி இருந்தது. போன மாதம் எனக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.1. 'மருந்து இப்போது வேண்டாம், பழக்கத்தை மாத்துங்க' என்றார் டாக்டர். எந்தப் பழக்கத்தை என்று கேட்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். தூக்கம் சரியில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது, எதிலும் உற்சாகம் இல்லை. ஜிம், டயட் எல்லாம் நமக்கு ஓடாது. அம்மா சமையலை விடாமல், தினமும் செய்கிற மாதிரி சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள்."

தம்பி, அந்த 6.1-ஐப் பார்த்துக் கலங்க வேண்டாம். காகிதத்தை மடித்து அலமாரியில் போட்டு மறந்துவிடவும் வேண்டாம். கடந்த இரண்டு மூன்று மாதமாக உங்கள் ரத்தத்தில் சீனி சராசரியாக எவ்வளவு இருந்தது என்பதைத்தான் எச்பிஏ1சி சொல்கிறது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 6.5-ஐத் தொட்டுவிட்டால் சர்க்கரை நோய். இரண்டுக்கும் நடுவில் நீங்கள் வரப்பு மேல் நிற்கிறீர்கள், எந்தப் பக்கமும் இறங்கலாம். உங்களோடு நிற்கிற கூட்டமும் கொஞ்சநஞ்சம் இல்லை. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர், உங்களைப் போல முன்நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர்.

நல்ல சேதியும் இருக்கிறது, அதுவும் நம்ம ஆட்களை வைத்தே கண்டது. சர்க்கரை நோய்க்கு முன்நிலையில் இருந்த 531 பேரை வைத்துச் சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது, 2006-இல் முடிவு வெளியானது. வழக்கம்போல இருந்தவர்களில் மூன்று ஆண்டுக்குள் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. நடையையும் சாப்பாட்டையும் மாற்றிக்கொண்டவர்களில் 100-க்கு 39 பேருக்குத்தான் வந்தது. மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் ஏறக்குறைய அதே அளவு, 100-க்கு 40. மாத்திரை செய்த வேலையைக் காலும் வாயுமே செய்துவிட்டன. அவர்களும் ஜிம்முக்குப் போனவர்கள் இல்லை, முக்கியமாகச் செய்தது நடைதான்.

பழக்கத்தை மாற்றச் சொன்னால் நம்மவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? ஒன்றாம் தேதி எல்லாவற்றையும் சேர்த்துத் தொடங்குவார்கள். காலை நாலரைக்கு எழுந்து வ.உ.சி. மைதானம், வெறும் வயிற்றில் அருகம்புல் சாறு, மத்தியானம் சோற்றுக்குப் பதில் ஓட்ஸ், ராத்திரி பழம் மட்டும். பதினைந்தாம் தேதி பார்த்தால் மைதானத்தில் ஆளைக் காணோம், புரோட்டா கடையில் பார்க்கலாம். அது சோம்பேறித்தனம் இல்லை. ஏற்கெனவே நிரம்பி வழிகிற நாளுக்குள் ஐந்து புது வேலையைத் திணித்தால் எந்த நாள்தான் தாங்கும்?

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். லண்டனில் ஒரு பல்கலைக்கழகம் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, ஒரு செயல் யோசிக்காமலே தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. அதில் எனக்குப் பிடித்தது இரண்டு விஷயம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் ஒன்றும் வரவில்லை. அப்புறம், அவர்கள் எல்லோருமே புதுப் பழக்கத்தை ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு கட்டித்தான் தொடங்கினார்கள்: 'காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு' என்கிற மாதிரி. மணி பார்த்துச் செய்வதைவிட, ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று செய்வது லேசு. உங்கள் நாளிலும் அசையாமல் இருப்பவை சில உண்டு. பல் தேய்ப்பது, குளிப்பது, மூன்று வேளைச் சாப்பாடு, டீ, படுக்கை. நான் சொல்லப்போகிற எல்லாமே இவற்றில் ஒன்றோடு ஒட்டிக்கொண்டதுதான்.

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் உட்காராமல், செருப்பை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.

காலை நடையைவிட இதை ஏன் முதலில் சொல்கிறேன்? சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தத்தில் சீனி உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் நடந்தால் தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் வேலைக்குத் தேவையான சீனியை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். சீனியைத் தசைக்குள் அனுப்பி வைக்கிற இன்சுலினைக்கூட அதற்கு அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததுதானே பிரச்சினை, இது அதைச் சுற்றிப் போகிற வழி. முன்நிலையில் இருந்த வயதானவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், காலையில் ஒரே மூச்சில் 45 நிமிடம் நடப்பதையும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் வீதம் நடப்பதையும் ஒப்பிட்டார்கள். நாள் முழுவதற்குமான பலன் இரண்டிலும் ஒரே அளவுதான். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சீனியை அடக்கியது 15 நிமிட நடைதான். நம்மில் பலருக்கு நாளின் பெரிய சாப்பாடே ராத்திரிதான், அதை முடித்துவிட்டு நேரே டிவி முன்னால் சாய்கிறோம்.

வேகம் பற்றிக் கேட்பீர்கள். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு வரக் கூடாது, அவ்வளவுதான். வயது வந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் இந்த அளவு உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ராத்திரி 15 நிமிடம், மத்தியானம் சாப்பிட்டதும் ஜங்ஷன் கடைத்தெருவில் நிழலோரமாக ஒரு 10 நிமிடம். வாரத்துக்கு 175 ஆகிவிடுகிறது. காலையில் எழுந்து ஓடாமலே கணக்கு முடிந்தது.

டவுனில் இருப்பவர்களுக்கு நடக்க இடம் தேட வேண்டியதே இல்லை. நெல்லையப்பர் கோயிலே 850-க்கு 756 அடி என்பார்கள், அதைச் சுற்றியிருக்கிற நான்கு ரத வீதியையும் ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது. ஆனித் தேர் வருகிற அதே பாதையை நீங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறீர்கள், கால் மணி நேரத்தில் வீடு. பெருமாள்புரத்தில் தெருக்கள் நடக்கத் தோதானவை, ஆனால் நாய்த் தொல்லை உண்டு. அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நடையை நிறுத்தினவர்கள் சொல்கிற காரணங்களில் வெயிலுக்கு அடுத்தபடி நாய்தான் வரும். கையில் ஒரு கம்பும் கூட ஓர் ஆளும் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். வீட்டில் கூப்பிடுங்கள், அவர்களும் நாள் முழுக்க அடுப்படியிலேயே நின்றவர்கள்தான். ஆனி, ஆடியில் சாரல் காற்று வீசும்போது ராத்திரி நடை சுகமாக இருக்கும், ஐப்பசி அடைமழையில்தான் கஷ்டம். அப்போது வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் வாசலுக்குமாக நடங்கள், குறை ஒன்றுமில்லை. காலையில்தான் நடப்பேன் என்கிறவர்களுக்கும் ஆட்சேபணை இல்லை. சித்திரை, வைகாசியில் மட்டும் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், பாளையங்கோட்டை வெயில் உங்களுக்குத் தெரியாததா.

நடந்துவிட்டு வந்ததும் பல் தேய்த்துவிடுங்கள். ராத்திரி பல் தேய்ப்பதைச் சின்னப் பிள்ளைகள் காரியம் என்று நினைக்கிறோம். ஈறு கெட்டால் சீனி ஏறும், சீனி ஏறினால் ஈறு கெடும். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். அதைவிடப் பெரிய உபகாரம், பல் தேய்த்த வாயில் மிக்சர் போடத் தோன்றாது.

ஒன்பதுக்கு வீடு திரும்புகிறவரிடம் ஏழு மணிக்குச் சாப்பிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. மாலை ஆறு மணிக்கு வயிற்றை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். அப்போது ஒரு டீயும் இரண்டு வடையும் என்றால் ஒன்பது மணிக்குப் பசி வெறியாக இருக்கும், ஆறு தோசையில்தான் அடங்கும். காலையிலேயே ஒரு சம்புடத்தில் சுண்டலோ அவித்த நிலக்கடலையோ கொண்டுபோய்விடுங்கள். ஆறு மணிக்கு அதைச் சாப்பிட்டால் ராத்திரி மூன்று தோசையிலேயே கை நிற்கும்.

இனி அம்மா சமையல். இதில் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சீனி என்றதும் நம்ம ஊர்ச் சாப்பாட்டைத்தான் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தொலி உளுந்து, தேங்காய், பூண்டு, வெந்தயம் போட்டு வடிக்கிற உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வெறும் வெள்ளைச் சோற்றைவிட எவ்வளவோ மேல். உளுந்தின் புரதமும் தொலியின் நாரும் சோறு சீனியாக மாறுகிற வேகத்தைக் குறைக்கும். கூட்டாஞ்சோற்றில் பருப்பு, முருங்கைக்கீரை, கத்தரிக்காய், வாழைக்காய் என்று காய் பாதி, அரிசி பாதி. அவியல், இடிசாம்பார் எல்லாம் காய் தின்ன வைக்கிற தந்திரங்கள்தான். தேங்காய்ப்பால் சொதியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதியை மாதத்துக்கு ஒருமுறை சாப்பிட்டு யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆளைச் சாய்ப்பது அதற்குத் துணையாக வருகிற உருளைக்கிழங்கு சிப்ஸும் மூன்றாம் தடவை வாங்குகிற சோறும்தான்.

தட்டில் நான் மாற்றச் சொல்வது வரிசையை. நாம் சோற்றைக் குவித்துக் குழம்பை ஊற்றி, பொரியலை ஓரமாக ஒரு கரண்டி வைத்துத் தொட்டுக்கொள்வோம். அதைத் திருப்பிவிடுங்கள். உட்கார்ந்ததும் பொரியல், கீரை, கூட்டு, முட்டையோ மீனோ இருந்தால் அது, இவற்றில் பாதியை முதலில் சாப்பிடுங்கள். ஐந்தாறு நிமிடம் கழித்துச் சோறு. அதே சாப்பாடு, அதே அளவு. வரிசையை மாற்றினாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய சீனி குறைவாக ஏறும். நாரும் புரதமும் முன்னால் போனால் வயிறு சோற்றை மெல்லத்தான் கீழே இறக்கும். வயிறும் பாதி நிறைந்திருப்பதால் சோறு தானாகவே ஓர் அகப்பை குறையும். அம்மாவிடம் 'சோறு வேண்டாம்' என்று சொல்லிப் பாருங்கள், வீட்டில் சண்டைதான் வரும். 'அந்தப் பொரியல் நல்லாருக்கும்மா, இன்னும் கொஞ்சம் வைங்க' என்றால் அவர்களே சோற்றுப் பானையை மறந்துவிடுவார்கள்.

பழைய சோறு பற்றியும் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல சாப்பாடுதான். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்து புளித்ததில் குடலுக்கு நன்மை உண்டு. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கு சீக்கிரம் செரிக்காத வகையாக மாறவும் செய்யும். அதற்காக அது மருந்து ஆகிவிடாது, அதுவும் சோறுதான். கும்பா நிறைய இல்லாமல் ஒரு கை அளவு பிழிந்து போட்டு, மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துச் சாப்பிடுங்கள். எதிரி என்றால், பக்கத்தில் இருக்கிற மோர் மிளகாயும் ஊறுகாயும் கருவாடும்தான். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்னக் கரண்டிக்குள் இருக்க வேண்டும். கருவாட்டுத் துண்டு ஒன்று இரண்டிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். பழைய காலத்துச் சாப்பாடு எல்லாமே ஆரோக்கியம் என்கிற பேச்சில் எனக்கு முழு நம்பிக்கை இல்லாததற்கு இந்த உப்பும் ஒரு காரணம். அப்போது வயலில் வியர்வையோடு கொஞ்சம் உப்பு போனது. மின்விசிறிக்குக் கீழே கணக்கு எழுதுகிறவருக்கு எங்கே போகும்?

கருப்பட்டியும் அதே கதைதான். உடன்குடிக் கருப்பட்டி மணமாக இருக்கும், சத்துகள் கொஞ்சம் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான், ரத்தத்துக்குள் போனபின் அது பனையா கரும்பா என்று உடம்பு விசாரிப்பதில்லை. 'நான் சீனி தொடுவதே இல்லை, கருப்பட்டிக் காபிதான்' என்று பெருமையாகச் சொல்கிறவர்களின் ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். பதநீரும் அப்படியே. நுங்கு தாராளமாகச் சாப்பிடலாம்.

அல்வாவை விட்டுவிடச் சொன்னால் திருநெல்வேலிக்காரன் இந்தப் பதிலை இந்த இடத்திலேயே மூடிவிடுவான். அதனால் இப்படிச் சொல்கிறேன். வீட்டுக்குக் கிலோக் கணக்கில் வாங்கி வைக்காதீர்கள். ஆசை வந்தால் கடை வாசலில் நின்று, சுடச்சுட, 50 கிராம், நெய் கையில் வழிய, ருசித்துச் சாப்பிடுங்கள். முடிந்ததும் நான்கு ரத வீதியையும் ஒரு சுற்று. வீட்டில் பொட்டலம் இருந்தால்தான் போகும்போது வரும்போது ஒரு விள்ளல் என்று எடுத்துக் கணக்கில்லாமல் உள்ளே போகும்.

அல்வாவைவிட உங்கள் மாதிரி ஆட்களுக்கு எனக்குச் சந்தேகம் டீ மேல். கடை டீயில் இரண்டு கரண்டிச் சீனி என்றால் ஏறக்குறைய 10 கிராம். கணக்கு வேலைக்காரர்கள் ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பது சாதாரணம், அதுவே 50 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள், நீங்கள் டீயிலேயே அதன் இரட்டிப்பைக் குடித்துவிடுகிறீர்கள். ஒரேயடியாகச் சீனியில்லாமல் குடிக்க வேண்டாம், ஒரு வாரத்தில் வெறுத்துவிடும். மாஸ்டரிடம் 'அரைச் சீனி' என்று சொல்லி வையுங்கள், மூன்று நான்கு வாரத்தில் நாக்கு பழகிவிடும். அப்புறம் பழைய டீயைக் குடித்தால் பாயசமாக இருக்கும். மாலை நாலு மணி டீதான் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். டீ, காபியில் இருக்கிற கஃபீனில் பாதி குறையவே ஐந்து மணி நேரம் ஆகும், ஏழு மணி டீயில் பாதி நள்ளிரவிலும் உங்களோடு விழித்திருக்கும்.

உட்கார்ந்தே இருப்பது பற்றி. ஆலங்குளம், முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சுளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்து, ஊறின இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடக்கி, கண் மூடித் திறப்பதற்குள் ஒன்று. அந்த வேகத்தில் மணிக்கணக்காகக் குனிந்த கழுத்தும் மடக்கின முட்டியுமாக இருப்பார்கள். கழுத்து வலி, இடுப்பு வலி என்று வருகிறவர்களிடம் வேலையைக் குறையுங்கள் என்று சொல்ல முடியாது, கூலியே எண்ணிக்கைக்குத்தான். ஆனால் இலை வெட்டி முடித்ததும் ஒருதரம், ஒவ்வொரு கட்டு முடிந்ததும் ஒருதரம் எழுந்து வாசல்வரை போய்விட்டு வரச் சொன்னால் செய்கிறார்கள், வேலையின் தாளத்துக்குள்ளேயே அது வந்துவிடுவதால். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ஒரு பேரேட்டுப் பக்கம் முடிந்தால் எழுந்திருங்கள். போன் வந்தால் நின்றுகொண்டு பேசுங்கள். தண்ணீர்ப் பாட்டிலை மேஜைமேல் வைக்காமல் கடையின் அடுத்த கோடியில் வையுங்கள், குடிக்க எழுந்துதான் ஆக வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் எழுந்து நடந்தாலே சீனியில் வித்தியாசம் தெரியும். நம்ம ஊர் வெயிலுக்குத் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகக் கல்லும் வரும். எத்தனை லிட்டர் என்று எண்ண வேண்டாம், சிறுநீர் வெளிறிய வைக்கோல் நிறத்தில் போனால் சரி.

குளிக்கப் போவதற்கு முன் நாற்காலியைக் கையால் பிடிக்காமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள், மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு பத்து. வாரத்தில் மூன்று நாள் செய்தால்கூடப் போதும். உடம்பில் சீனியைச் செலவழிக்கிற பெரிய தசைகள் தொடையில்தான் இருக்கின்றன, நாற்பதுக்கு மேல் அவை சும்மா விட்டால் கரையும்.

நீங்கள் எழுதவில்லை, அதனால் இருக்காது என்று வைத்துக்கொள்கிறேன். பீடி, சிகரெட், வாயில் அடக்குகிற புகையிலை ஏதாவது இருந்தால், இவ்வளவு நேரம் நான் சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது அதை விடுவதுதான்.

தூக்கத்துக்கு வருவோம். உங்கள் எரிச்சலில் பாதி இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அதில் குறைந்தால் மறுநாள் இன்சுலினும் சரியாக வேலை செய்யாது, பசியும் அதிகமாகும், கோபமும் மூக்கு நுனியில் நிற்கும். பன்னிரண்டு மணி வரை போனைத் தள்ளிக்கொண்டு படுத்திருக்கிறீர்கள் என்று நானாக ஊகிக்கிறேன், தப்பாக இருந்தால் மன்னிக்கவும். போனை எடுக்க மாட்டேன் என்று சபதம் செய்யாதீர்கள், கை கேட்காது. சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றிவிடுங்கள். அலாரத்துக்கு ஒரு பழைய கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள், இருநூறு முந்நூறு ரூபாய். காலையில் எழுந்ததும் பல் தேய்க்க வாசலுக்கோ மொட்டை மாடித் தட்டட்டிக்கோ போங்கள். முகத்தில் காலை வெளிச்சம் பட்டால்தான் உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் அன்றைய ராத்திரியைக் கணக்கிடத் தொடங்கும். வீட்டில் கேட்டுப் பாருங்கள், பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று. ஆமாம் என்றால் இந்தச் சின்னப் பழக்கங்களால் தீராது, டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டியது அது.

உற்சாகம் இல்லை என்றீர்கள். நல்லதையே நினையுங்கள், நேர்மறையாக இருங்கள் என்று சொன்னால் உங்களுக்கு இன்னும் எரிச்சல்தான் வரும். காலை ஐந்து மணிக்குப் பூப்படத்தோடு வருகிற 'இனிய காலை வணக்கம்' செய்திகளால் யாருக்கும் மனசு லேசானதாக எனக்குத் தெரியவில்லை. மனநல மருத்துவத்தில் நன்றாகச் சோதித்துப் பார்த்த முறை ஒன்று உண்டு: மனசு சரியாகட்டும், அப்புறம் செய்வோம் என்று காத்திருக்காமல், முன்பு பிடித்திருந்த ஒரு சின்னக் காரியத்தை நேரம் குறித்துச் செய்துவிடுவது. முதலில் செயல், மனசு பின்னாலேயே வரும். மிதமான மனச்சோர்வுக்கு இது பேச்சு சிகிச்சைகளுக்கு இணையாகப் பலன் தருகிறது. முன்பு உங்களுக்கு எது பிடிக்கும்? ஞாயிற்றுக்கிழமை பாபநாசம் வரை போய்வருவதா, கிரிக்கெட்டா, கேரமா? அதில் ஒன்றை இந்த வாரம் வையுங்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் போங்கள். சீசன் நேரத்தில் குற்றாலம் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை, கூட்டாளி ஒருவரோடு தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைப் படித்துறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் கணக்குத்தான்.

பேச்சு இன்னொன்று. முன்னெல்லாம் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் இரண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டார்கள். கிண்டலும் கேலியும்தான், ஆனால் ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் 'என்னவே, ஆளையே காணோம்' என்று வீடு தேடி வருவார்கள். இப்போது கட்டுகிற வீட்டில் திண்ணை இல்லை, காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. அதற்காகப் புலம்பிப் பிரயோஜனமில்லை. ஒரு நாளைக்கு ஒருவரிடமாவது வேலை சம்பந்தமில்லாமல் பத்து நிமிடம் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீ நேரத்தோடு கட்டிவிடுங்கள்: நாலு மணி டீயைத் தனியாகக் குடிக்காதீர்கள், அல்லது அந்த நேரத்தில் அக்காவுக்கோ பழைய கூட்டாளிக்கோ போன் போடுங்கள். நன்றி சொல்லத் தக்கவற்றை எழுதி வைப்பதால் மனநிறைவு கூடுகிறது என்று 2003-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது. நோட்டுப் போட்டு எழுதுவது நமக்குச் சரிப்படாது. ராத்திரி நடையில் வீட்டிலிருக்கிறவர்களிடம் அன்றைக்கு நடந்ததில் நல்லது ஒன்றைச் சொல்லுங்கள், அவர்களையும் சொல்லச் சொல்லுங்கள். முதல் வாரம் கூச்சமாக இருக்கும், 'இன்னைக்கு மீன் மலிவா கிடைச்சுது' என்பதோடு நிற்கும். நிற்கட்டும்.

ஒரு எல்லை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்து, பிடித்தது எதிலும் நாட்டமில்லாமல், வேலையும் ஓடாமல் போனாலோ, உயிரோடு இருந்து என்ன என்று ஒரு நினைப்பு வந்தாலோ, பழக்கத்தை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். 14416 என்கிற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். நேரில் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சீனி பார்க்கப் போகிற மாதிரி அங்கேயும் போகலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் நாளைக்கே தொடங்கிவிடாதீர்கள். முதலில் ராத்திரி நடையும் பல் தேய்ப்பதும் மட்டும். அது கேட்காமலே நடக்கத் தொடங்கியதும் டீயில் அரைச் சீனி, பிறகு தட்டின் வரிசை, பிறகு சார்ஜர்.

எச்பிஏ1சியை மாதாமாதம் எடுக்க வேண்டாம், மூன்று மாதம் கழித்து எடுத்தால் போதும். அதற்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. ஆனால் ரத்தசோகை இருந்தால் அந்த எண் தப்பாகக் காட்டும், அதனால் கூடவே ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சோர்வுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ரத்த அழுத்தத்தையும் பாருங்கள், 40 தாண்டிய யாருக்கும் அது வேண்டியதுதான். டெய்லர் டேப்பை வைத்துத் தொப்புள் மட்டத்தில் மூச்சை இழுக்காமல் இடுப்பை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், நம்ம ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், வீட்டில் அவர்களுக்கு 80. எச்பிஏ1சி 6.1-லேயே நின்றுவிட்டால், வெறும் வயிற்றில் ஒருதரமும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருதரமும் எடுக்கிற சோதனையை டாக்டரிடம் கேளுங்கள். இந்தத் தடவை கேள்விகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டே போங்கள், அடுத்த ஆள் உள்ளே வந்தாலும் காகிதத்தை நீட்டிவிடலாம்.